ஊதிவிட்ட சிஸ்டர்

என் மனைவி பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த சாயங்காலம், நானும் மகளும் கேக் வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேக் என் யோசனை. நான் கொஞ்சம் அவசரக் குடுக்கை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஆட்களைப் பரீட்சைக்கு அனுப்பிவைக்கிறவன் என்பதால், யார் தேறுவார்கள் யார் தேறமாட்டார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. காலையில் அவள் கிளம்பும்போது முகத்தைப் பார்த்தேன். தேறிவிடுவாள் என்று சொல்லிவிட்டேன்.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கேக்கைப் பார்த்தாள்.

“யாருக்குப் பிறந்தநாள்?” என்று கேட்டாள். குரலே சரியில்லை.

“என்னம்மா ஆச்சு?” என்றாள் மகள்.

“ஊதிட்டேன்.”

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி முடித்தபோது, எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக மறுநாள் காலைவரை அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். ஆனால் விஷயத்தைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் நர்ஸ். கைராசிக்காரி என்று பெயர். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்பார்கள். எங்கள் மகள் எட்டாம் மாசத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். அது மட்டும் அப்படியே என் ஜாடை. நெஞ்சு பலவீனம். சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். “ஆறு மாசம் லீவு போடறேன், இவ தேறினதும் போயிடறேன்” என்று வீட்டில் உட்கார்ந்தவள், குழந்தையை மடியில் போட்டு அதன் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆறு மாசம் ஒரு வருஷமாயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் போகிறேன் என்றாள். பிறகு இவள் தானாகப் பள்ளிக்கூடம் போய்வரட்டும் என்றாள். இப்படிப் பதினைந்து வருஷம் போயே போய்விட்டது. மகளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. வாலிபால் ஆடுகிறாள். கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

நடுவில் எத்தனையோ தடவை “மறுபடியும் வேலைக்குப் போயேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் மாறிப்போச்சுங்க, இப்ப இருக்கற மிஷின் பேரு கூட எனக்குத் தெரியாது” என்று பாத்திரத்தைத் துலக்கப் போய்விடுவாள். ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அது தப்பு. யாராவது ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஆசை அப்படியே இருந்தது. பயம்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கடைசியில் மகள் ஒரு நாள் விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, பேனாவோடு அவள் முன்னால் நீட்டினாள். “கையெழுத்து மட்டும் போடும்மா, மீதியை அப்புறம் பயந்துக்கலாம்.”

வேலையை விட்டு நீண்ட நாள் ஆனவர்களுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அதன் முடிவில், உண்மையான நோயாளியை வைத்துச் செய்முறைப் பரீட்சை. இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டிலும் கோட்டை விட்டால் பதிவு ரத்து. அப்புறம் முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அத்தனையும் மறுபடி படிக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் அது நடக்கிற காரியமா? அதாவது, இரண்டாவது தடவையும் தவறினால் அவள் இனி நர்ஸ் இல்லை.

முதல் நாள் வேலை முடிந்து முகம் சிவந்து வந்தாள். அழுதிருக்கிறாளோ என்று பதறிப்போனேன். 

“என்னை ஆன்ட்டிங்கறாங்க!” என்றாள். “நேத்து முளைச்ச ரெண்டு நர்ஸ் பொண்ணுங்க. ‘ஆன்ட்டி, அது அப்படி இல்ல, இப்படி’ன்னு எனக்குச் சொல்லித்தராங்க.”

“சொல்லித்தரட்டுமே.”

“சொல்லித்தரட்டும். ஆன்ட்டின்னு ஏன் சொல்லணும்?”

இதைவிடப் பெரிய கூத்து, அந்த வார்டின் பொறுப்பாளர். இவள் வேலை பார்த்த காலத்தில் புதிதாக வந்து சேர்ந்த சின்னப் பெண் அவர். முதல் நாளே ரத்தத்தைப் பார்த்துவிட்டு, படுக்கை விரிப்பு அடுக்கிவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேம்பியவர். இவள்தான் ‘அழுகுணி’ என்று பெயர் வைத்தாள். அந்த அழுகுணி இப்போது முப்பது படுக்கைக்கு அதிகாரி. அவர் நடந்து வந்தால் டாக்டர்களே ஒதுங்கி நிற்பார்களாம். வார்டில் இவளை “சிஸ்டர்” என்று கறாராகக் கூப்பிடுவார். யாரும் இல்லாதபோது “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, மூன்று மாதத்தில் அவள் பிய்த்து உதறிவிட்டாள். மருந்துப் பட்டையில் இருக்கிற கோடுகளை மிஷினில் காட்டுவது, கணினியில் குறிப்பு எழுதுவது, புது மாதிரி ஊசிகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஆஸ்பத்திரிக் கதைதான். இரண்டாவது மாதம் அந்தப் பெண்களே ஆன்ட்டியை விட்டுவிட்டு அக்காவுக்கு இறங்கி வந்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை என்றால், “அக்கா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று வந்து நின்றார்கள். அவள் நடையே மாறிவிட்டது. எனக்குப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் கேக் வாங்கினேன்.

பரீட்சையில் அவளுக்குக் கிடைத்த நோயாளி ஒரு கொத்தனார். ஆறடி ஆள். சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து காலில் பன்னிரண்டு தையல். பழைய கட்டைப் பிரித்து, மருந்தில் நனைத்த துணியால் துடைத்து, புதுக் கட்டுப் போட வேண்டும். தேர்வாளர் அம்மா கையில் பட்டியலோடு ஒரு பக்கம், அழுகுணி இன்னொரு பக்கம். கை கழுவினாள், கையுறை போட்டாள், முகக்கவசம் போட்டாள். எல்லாம் வெண்ணெயாக நழுவிப் போயிருக்கிறது. மருந்து பட்டதும் அந்த ஆறடி மனிதர் “ஸ்ஸ்ஸ்” என்றார்.

என் மனைவி ஒரு விரலால் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, குனிந்து, காயத்தில் ‘ஃபூ’ என்று ஊதிவிட்டாள். ஊதியதோடு விட்டாளா? “சரியாப் போச்சு, சரியாப் போச்சு” என்றும் சொல்லியிருக்கிறாள்.

வாய்க்காற்றில் இல்லாத கிருமி இல்லை. சுத்தம் செய்த காயத்தில் ஊதுவது நர்ஸ் தொழிலில் மகாபாவம். அத்தோடு கவசத்தை வேறு இறக்கிவிட்டு, கையுறைக் கையால் முகத்தையும் தொட்டாயிற்று. தேர்வாளரின் பேனா நின்றது. அழுகுணி கண்ணை மூடிக்கொண்டார். கொத்தனார் ஒருவருக்குத்தான் பரம திருப்தி. “நல்லா இருந்துச்சு சிஸ்டர், இன்னொரு தடவை ஊதுங்க” என்றாராம்.

பதினைந்து வருஷம் ஒரே பிள்ளையின் முழங்காலையும் முழங்கையையும் துடைத்துத் துடைத்து ஊதிய வாய் அது. எப்படிச் சும்மா இருக்கும்?

“நான் இனிமே போகல” என்றாள் அவள். அடுத்த வாய்ப்பு பன்னிரண்டாம் நாள். நான் சொல்லிப் பார்த்தேன், மகள் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. மறுநாள் அழுகுணியே போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

“அக்கா, முதல் நாள் நான் அந்த ரூம்ல உக்காந்து அழுதப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

“மூக்கைச் சிந்திட்டு வான்னு சொன்னேன்.”

“அதையேதான் இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டார். அதிகாரி என்றால் அப்படித்தான்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. நோயாளி நான். மகள் என் காலில் கறுப்புப் பேனாவால் பன்னிரண்டு தையல் போட்டாள். அவள்தான் தேர்வாளரும். கையில் பட்டியல், கழுத்தில் வாலிபால் விசில். அம்மா ஊதினால் விசில். நான் என் பங்குக்கு “ஐயோ, அம்மா” என்று புரண்டேன். என் மனைவி சட்டை செய்யவே இல்லை. 

“நடிக்காதீங்க, கட்டு கலையுது” என்றாள். என் நடிப்புக்கெல்லாம் அவளுக்கு ஊத வராது. வலி அசலாக இருக்க வேண்டும். அது ஒரு சிக்கல்.

அந்தப் பயிற்சியில்தான் என் தலையில் ஒரு இடி விழுந்தது. மகள் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தாள். “மூச்சை எண்ணுதல். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றி விடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் நான் சோபாவில் வந்து விழுந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். டிவி பார்த்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருப்பாள். நாள் முழுக்க அடுத்தவன் கிளட்சோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! என் நண்பர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். டிவிக்கு நேர் மேலே சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறது. அதை வாங்கப் போனபோது நொடி முள் இல்லாத கடிகாரம் ஒன்றுகூட வேண்டாம் என்று என்னைக் கடை கடையாக ஏற்றி இறக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அப்ப நீ டிவி பாக்கலையா?” என்று கேட்டேன்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள். இரண்டும் சிரிக்க ஆரம்பித்தன.

“இவளுக்கு மூச்சை எண்ணி எண்ணி எனக்குப் பழகிடுச்சுங்க. இவ தேறினப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. தொழில் மறந்துடக்கூடாதேன்னு…”

“எவ்வளவு நாளா?”

“உங்களுக்கா? பன்னெண்டு வருஷமா. சாதாரணமா பதினஞ்சு வரும். சளி பிடிச்சா பதினெட்டு. போன வருஷம் புதுக் காரை ஒருத்தி கொண்டுபோய்ச் சுவத்துல முட்டினாளே, அன்னிக்கு இருபத்திநாலு.”

“உனக்கும் தெரியுமா?” என்று மகளைக் கேட்டேன்.

“சின்ன வயசிலேருந்தே தெரியும்ப்பா. உங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் எங்களுக்கே தெரியாது.”

எனக்கு நிஜமாகவே வருத்தம். பன்னிரண்டு வருஷக் காதல் ஒரு நிமிஷத்தில் பயிற்சி நோட்டாகிவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். அவளும் கேட்கவில்லை. அவளுக்கு அவள் கவலை.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காரைப் பின்னால் நகர்த்தி நிறுத்துவது எப்படி என்று ஒரு மாணவனுக்குக் கீழே இறங்கி நின்று காட்டினேன். அவன் அதை என் முழங்காலுக்குக் கீழே பம்பரால் உரசிக் காட்டிவிட்டான். தோல் உரிந்து ரத்தம். மற்ற நாளாக இருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன். அன்று அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

“அசல் காயம்!” என்று காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தேன். மகள் விசிலைத் தேடி ஓடினாள்.

மருந்து பட்டதும் நான் நடிக்காமலே கத்தினேன். கவசம் இறங்கியது. ‘ஃபூ.’ விசில். மறுபடி கை கழுவி, மறுபடி கையுறை. மறுபடியும் ‘ஃபூ.’ விசில். மூன்றாவது விசிலுக்கு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கை சொன்ன பேச்சு கேக்குதுங்க. வாய் கேக்க மாட்டேங்குது” என்று அழுதாள். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குப் போன். மறுநாள் ஓட்டுநர் பரீட்சைக்குப் போகிற ஒரு பெண். குரல் நடுங்குகிறது. இருபத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்.

“உக்காந்ததும் சாவியத் தொடாதம்மா. வாயைக் குவிச்சு மெதுவா ஊது. முன்னாடி ஒரு மெழுகுவத்தி இருக்குன்னு வச்சுக்கோ. அணைக்கக் கூடாது, ஆட மட்டும் விடணும். பாதி பயம் அதோட வெளிய போயிடும். அப்புறம் வண்டிய எடு.”

போனை வைத்தால், என் மனைவி தரையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“நான் துடைக்கறப்ப நீங்க ஊதுங்க. காலைப் பாத்து இல்ல. ஜன்னலைப் பாத்து.”

நான் ஜன்னலைப் பார்த்து ஊதினேன். “இன்னும் மெதுவா… அப்படித்தான்… நிறுத்தாதீங்க…” என்று அவள் சொல்லிக்கொண்டே துடைத்தாள். எரிந்தது, ஆனால் கத்துவதற்கு வாய் ஒழியவில்லை. அவளுக்கும் அதேதான். என்னை ஊதச் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவள் வாய்க்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. கட்டுப் போட்டு முடித்துவிட்டாள். விசில் மகள் வாயிலேயே இருந்தது. ஊத மறந்துவிட்டாளோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அதே தேர்வாளர் அம்மா வந்தார். நேராகக் குழந்தைகள் வார்டுக்கு நடந்திருக்கிறார். வேண்டுமென்றேதான். ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கையில் ஐந்து தையல் போட்ட ஆறு வயதுச் சிறுமியைக் காட்டி, “இவங்க” என்றாராம். இதை அழுகுணிதான் பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்புறம் நடந்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிறுமி மருந்துத் தட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியது. என் மனைவி அவசரப்படவில்லை. நீளமாக ஒரு காகிதத் துண்டை எடுத்து, சிறுமியின் மறுபக்கத்தில் இருந்த குளுக்கோஸ் கம்பியில் தொங்கவிட்டாள்.

“இது எரியும். நான் பொய் சொல்ல மாட்டேன். எரியறப்ப நீ அந்தக் காகிதத்தைப் பாத்து ஊதணும். அது ஆடிக்கிட்டே இருக்கணும். நின்னா நீ அவுட்டு. சரியா?”

பிறகு கை கழுவி, கையுறை போட்டு, வேலையை ஆரம்பித்தாள். மருந்து பட்டது. சிறுமியின் கண்ணில் தண்ணீர் திரண்டது. அழுகுணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். சிறுமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஊதியது. காகிதம் ஆடியது. “அப்படித்தான் கண்ணு… இன்னும்… நிக்கக் கூடாது…” என்று சொல்லிக்கொண்டே இவள் துடைத்தாள், கட்டினாள், ஒட்டினாள். கவசம் இருந்த இடத்தில் இருந்தது.

“முடிஞ்சுது” என்றதும், “நான் இன்னும் அவுட் ஆகல” என்றதாம் அது.

தேர்வாளர் அம்மா பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். “காகிதம் இதுல எங்கயும் இல்லையே. எதுக்கு அது?”

“வலிக்கறப்ப யாராவது ஊதணும் மேடம். நான் ஊதக்கூடாது. அதான் அவளையே ஊதச் சொன்னேன்” என்றாள் என் மனைவி.

தேர்வாளர் மூச்சை எண்ணச் சொன்னார். அவள் சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊஞ்சல் என்ன நிறம் என்று விசாரித்தாள். பதில் வந்து முடிந்து அறை அமைதியானதும் ஒரு நிமிஷம் எண்ணி, இருபத்திரண்டு என்று எழுதினாள். தேர்வாளரும் தனியாக எண்ணியிருக்கிறார். அவர் தாளிலும் இருபத்திரண்டு. பேனாவை மூடிவிட்டு, “எப்ப வேலைக்குச் சேர்றீங்க?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அழுகுணியைக் காணவில்லை என்று வார்டே தேடியது. என் மனைவிக்குத் தேடத் தேவையிருக்கவில்லை. விரிப்பு அடுக்கிவைக்கிற அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தேம்பல்.

“மூக்கைச் சிந்திட்டு வா” என்றாள்.

அன்று கேக் வாங்க நான் தைரியப்படவில்லை. அவளே வாங்கிக்கொண்டு வந்தாள். “என் மெழுகுவத்தி ஐடியாதான் உன்னைக் காப்பாத்துச்சு” என்றேன். “ஊர் பூரா போய்ச் சொல்லாதீங்க” என்றாள். மறுநாளைக்குள் என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது அந்தக் குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு குளுக்கோஸ் கம்பியிலும் ஒரு காகிதம் தொங்குகிறதாம். பார்க்கிறவர்கள் ஏதோ புது மருத்துவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆயிற்று. போன வாரம் ஒரு சாயங்காலம், சீருடையைக்கூட மாற்றாமல் வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிக்கொண்டிருந்த என் கையைப் பிரித்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நாள் பூரா எண்ணிட்டு வர்றியே, இங்கயுமா?” என்றேன். எனக்குக் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருந்தது.

அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். நொடி முள் அசையவில்லை. கடிகாரம் மூன்று பத்தில் நின்றிருந்தது.

“கடிகாரம் நின்னுபோச்சு” என்றேன்.

“தெரியும். நாலு நாளாச்சு” என்றாள். கையை விடவில்லை.

பேட்டரி மாற்றச் சொல்லி மகள் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டாள். நான் இன்னும் மாற்றவில்லை.